காலிப் பெட்டிகளின் நாள்

கீழ்த்தளத்தில் வண்டிகள்.
ஞாயிறுதோறும் பிள்ளைகள் வந்து
சக்கரத்தை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.
மூன்றாம் தளத்தில் தடுப்புப் பிரிவு:
என்னோடு ஒன்பது பேர், ஒரு நகல் இயந்திரம்,
நகரத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் கோப்புகள்.
எங்களோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது.
பத்தொன்பது ஆண்டுகளாக
அந்த ஒரு சொல்லைச் சொல்லியே சம்பளம் வாங்குகிறேன்.
மீன் சுடும் கடையில், முதியோர் இல்லத்தில்,
கப்பல் கயிறு அடுக்கிய கிடங்கில்.
தலை குனிந்து கேட்பார்கள்.
தேநீர் வைப்பார்கள். குடிக்கக் கூடாது, விதி.
அது ஆறுவதற்குள்
சாத்தியிருக்க வேண்டிய கதவைக்
கயிறு கட்டித் திறந்து வைத்திருப்பார்கள்.

குஷிரோவில் கோடை என்றால் மூடுபனி.
ஆற்றோரச் சந்தில் ஒரு நான்கு மாடி,
மாடிக்கொரு மதுக்கடை,
எல்லாவற்றுக்கும் ஒரே படிக்கட்டு.
படிக்கட்டில் பீர் பெட்டிகள்.
போன மாதமும் இருந்தன,
அதற்கு முந்தைய மாதமும்.
தடோகொரோ, எங்களில் இளையவன், அளந்து எழுதினான்:
மிச்சமுள்ள அகலம் நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
மூன்றாம் மாடி ஹமனாகா அம்மாள்
இடுப்பைத் திருப்பி நுழைந்து காட்டினாள்.
"போதுமே."
அவள் கடையின் புகை உணர்கருவிக்குக்
குளியல் தொப்பி மாட்டியிருந்தது.
கணவாய் சுட்டால் கத்துகிறதாம்.
தொப்பியில் சின்னச் சின்னப் பூக்கள்.

கட்டடத்தை மூடும் உத்தரவை
தடோகொரோ அன்றிரவே எழுதிக் கொண்டுவந்தான்.
முத்திரை என்னிடம்.
கையில் வைத்துக்கொண்டு என்னென்னவோ யோசித்தேன்.
மீன்பாடு குறைந்துபோன துறைமுகம்.
வருடத்துக்கு நாலைந்தாய் அணையும் பெயர்ப்பலகைகள்.
அந்த அம்மாளின் முழங்காலில் ஒரு கட்டு;
பெட்டியை இறக்க முடியாததற்கு அதுதான் காரணமென்று
அவள் சொல்லவில்லை,
நானாகச் சொல்லிக்கொண்டேன்.
முப்பது நாள் அவகாசம் என்று எழுதினேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
காகிதத்தை இரண்டு முறை மடித்தான்.
ஒரு மடிப்பே உறைக்குப் போதும்.

இருபத்தேழாம் நாள்.
இரவு பதினொன்று நாற்பது.
இரண்டாம் மாடி, புகைபோக்கியில் படிந்த எண்ணெய்.
சமையல்காரன் ஓடும்போது கதவைச் சாத்தியிருக்கிறான்,
பழக்கமா பயமா, அவனுக்கே தெரியவில்லை.
பதினாறு பேர் இறங்கி வந்தார்கள்,
மூக்கெல்லாம் கரி,
ஒருவர் கையில் இன்னும் பாடும் மைக்.
கடைசியாக ஹமனாகா அம்மாள்,
வெறுங்காலோடு, கைப்பிடியைப் பற்றி,
ஒவ்வொரு படியாக.
படிக்கட்டு காலியாக இருந்தது.

"உங்கள் பிரிவின் வெற்றி," என்றார் மேலதிகாரி.
நிருபர் ஒருவர் வந்து
நகல் இயந்திரத்தருகே என்னை நிறுத்திப் படம் எடுத்தார்.
சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

மருத்துவமனையில் அந்த அம்மாளிடம் கேட்டேன்,
பெட்டிகளை எடுத்துவிட்டீர்களே என்று.
"நானா? நேற்று செவ்வாய் அல்லவா.
செவ்வாய் மாலை கம்பெனி லாரி
காலிப் பெட்டிகளை ஏற்றிப் போகும்.
புதன் காலை புதுசு வந்துவிடும்."

அறிக்கையில் ஒரு கட்டம்:
உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதன் காரணம்.
ஆய்வு, பயிற்சி, கருவி, பிற.
'பிற'வுக்கு எதிரே விரல் அகலம் இடம்.
லாரி என்று எழுதினேன்.
மேலே அனுப்பினேன்.
திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது.
அப்படியே மறுபடி அனுப்பினேன்.

அடுத்த புதன், அடுத்த கட்டடம்.
அதே சந்து, அதே அகலம்.
தடோகொரோ பையில் உத்தரவு,
இம்முறை முத்திரையோடு.
படிக்கட்டின் அடியில் லாரிப் பையன்,
நெஞ்சோடு அணைத்த பெட்டி, மூச்சு வாங்க,
"எங்கே வைக்கட்டும்?"

எங்கே வைக்கக் கூடாது என்றுதான்
என் கோப்புகளில் இருக்கிறது.
ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.
புட்டிகள் கிலுங்கின.
பனியில் இருவரும்
பக்கவாட்டில் நடந்தோம்.