உடுத்தியபடியே

ஜூலையில் துணி காயாத ஊர் குஷிரோ.
கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து
கொடியில் கிடப்பதை மறுபடி நனைத்துவிட்டுப் போகும்.
அந்த ஊரில்
முப்பத்தொரு வருடம் சலவைக்கூடம் நடத்தியவர்
நாகசாவா கிகுயே.
எங்கள் மருத்துவமனைப் போர்வைகளும்
அவர் கைபட்டு வந்தவைதான்.
இப்போது ஒன்றின் அடியில் படுத்திருக்கிறார்,
ஐந்து வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல்.

வயிற்றுப் பெருந்தமனி ஊதிப்போனதற்காக
ஆறு வருடம் முன்பு வைத்த செயற்கைக் குழாய்.
அதன் மடிப்புகளில் கிருமி.
ஸ்கேன் படத்தில் குழாயைச் சுற்றிச் சாம்பல் கசிவு,
நடுவே, இருக்கக் கூடாத
இரண்டு மூன்று காற்றுக் குமிழ்கள்.

"அது என்ன துணி?" என்று கேட்டார்.
பாலியெஸ்டர், என்றார் டாக்டர் ஹதகேயாமா.
"பள்ளிச் சீருடையில் வருமே, அதுவா?"
அதேதான்.
"அதில் கறை நிற்காது, நாற்றம்தான் நிற்கும்.
கழற்றித் துவைத்துப் போட முடியாதா?"

நெஞ்சுக்குழி தொடங்கி அடிவயிறுவரை திறந்து
கழற்றி எறிந்துவிட்டு
ரத்தத்தை வேறு பாதையில் திருப்பிவிடுவது
புத்தகத்தில் உள்ள வழி.
எண்பத்திரண்டு வயது.
இதயம் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.
புத்தகம் மேசைமேல் மூடியே கிடந்தது.

"உடுத்தியபடியே துவைக்கப் பார்க்கிறோம்."
"அப்படித் துவைத்து எதுவும் வெளுத்ததில்லை டாக்டர்,"
என்று சொல்லிவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

நான் கேமரா பிடித்தேன்.
முதல் வருடத்தானுக்கு அதுதான் வேலை.
நான்கு துளைகள்,
ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் நுழையும் அளவு.
வாயு ஏற ஏற வயிறு கூடாரமாய் எழுந்தது.
உள்ளே போனதும் கண்ணாடி பனித்தது.
வெளியே எடு. வெந்நீரில் முக்கு. துடை. போ.
"ஒகுடா, அடிவானம் சாய்கிறது."
படம் நிமிர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால்
டாக்டரின் கைகளுக்கு மேல் கீழாகிவிடும்.
நான் இந்த ஊர்க்காரன்,
கோடைக்குக் கோடை அடிவானமே பார்க்காமல் வளர்ந்தவன்.
மூச்சைப் பிடித்து நிமிர்த்தினேன்.

சீழ்ப்பை திறந்தது.
உப்புநீர் தெளிவாய்ப் போய்
வடித்த கஞ்சியாய்த் திரும்பியது.
மறுபடி. மறுபடி.
ஏழாவது லிட்டரில் குழாய் தெரிந்தது:
கொசுவம் கொசுவமாய் மடித்த துணி,
பழுப்பேறி,
கிகுயேயின் ஒவ்வொரு துடிப்புக்கும்
மயிரிழை அசைந்தபடி.
அது தன் உடம்பில்லை என்று
அவர் உடம்பு ஆறு வருடம் வாய் திறக்கவில்லை.

குடலின் மேல், கொழுப்பால் நெய்த முந்தானை ஒன்று
எல்லோருக்கும் தொங்குகிறது.
எங்கே புண்ணோ அங்கே தானே போய் ஒட்டிக்கொள்ளும்.
இம்முறை இடம் ஆழம்.
ஓர் ஓரத்தைப் பிரித்து, முறுக்கிவிடாமல்,
நீள இடுக்கியால் இழுத்து வந்து
குழாயைச் சுற்றிப் போர்த்தினோம்.
மஞ்சளுக்குள் சிவப்பு இழைகள் ஓடின.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத் தோள் வலித்தது.

கழுவுவதற்கு ஒரு மெல்லிய குழாய்,
வடிவதற்கு ஒன்று. இரண்டையும் உள்ளேயே விட்டோம்.
ஒன்பதாம் நாளும் கலங்கல்.
பதினோராம் நாள் காய்ச்சல் திரும்ப வந்தது;
டாக்டர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல்
வார்டு வாசலில் நின்றார்.
பதினாறாம் நாள்
பையில் வெளிறிய தேநீர் நிறம்.
கிகுயே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"மூன்றாம் அலசல். இன்னும் ஒன்று வேண்டும்."
சரியாகச் சொன்னார், இன்னும் நான்கு நாள் ஆயிற்று.

மாத்திரை இனி ஆயுளுக்கும்.
அது எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை.
வீட்டுக்குக் கிளம்பும்முன் போர்வையை மடித்து
ஓரத்தை முகர்ந்தார்:
"இப்போது யார் துவைக்கிறார்கள்?
ஓர் அலசல் மிச்சம் பிடிக்கிறார்கள்."

மறுநாள் காலை என் அறைக் கொடியில்
மூன்று நாள் முன் போட்ட சட்டை இன்னும் ஈரம்.
கழுத்துப்பட்டியில்
பாலியெஸ்டர் அறுபத்தைந்து சதவீதம்;
மீதி என்னவென்று எழுத்து அழிந்திருந்தது.
அப்படியே மாட்டிக்கொண்டு
முதுகில் சில்லென்று ஒட்ட
வார்டுக்கு நடந்தேன்.