காற்று நிற்கும் இடம்

பம்ப் ஓடுகிறது.
அதுதான் எரிச்சல்.
ஓடாமலிருந்தால் திட்டுவதற்கு ஒரு முகவரியாவது இருக்கும்.

எமரால்டுக்கு மேலே, கேரட் காட்டை ஒட்டிய மேட்டில்
ஜீப்பின் கொக்கியிலிருந்து கழற்றி நிறுத்திய கேரவன்.
ஜனவரி. இரவு இரண்டே கால்.
அலமாரிக்குள் பாய்லர்
எண்பது டிகிரி என்று சிவப்பு எழுத்தில் சத்தியம் செய்கிறது.
மேஜைக்கடியில் இருக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடுகிறது.
அடுத்தது வெதுவெதுப்பு.
கட்டிலைத் தாண்டிக் குளியலறையில் இருப்பது
ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்.

கையேடு ஜெர்மன் மொழியில். படங்களை மட்டும் படித்தேன்.
அம்புக்குறிகள் ஒரு குழாயில் புறப்பட்டு
மூலைமூலையாகப் போய்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாகத் திரும்புகின்றன.
என் தண்ணீர் பாதி வழியில் எங்கோ தங்கிவிட்டது.

பீளமேட்டில் வண்டியை விற்ற தேவசகாயம்
மூன்றாவது அழைப்பில் எடுத்தார்.
"காத்து அடைச்சிருக்கும் மேடம். எடுத்து விட்டுருங்க."
எங்கே என்று கேட்பதற்குள் சிக்னல் செத்தது.

தொட்டியின் மூடியைத் திறந்தேன்.
ரோஸ்மில்க் நிறத்தில் திரவம், குடித்தால் ஆள் காலி.
பம்பை நிறுத்தினால் மட்டம் ஒரு விரல் ஏறுகிறது,
போட்டால் இறங்குகிறது.
நிறுத்தினேன். போட்டேன். நிறுத்தினேன்.
சுடிதார் மேல் மூன்று ஸ்வெட்டர்களோடு
தரையில் படுத்து, குளியலறைத் திருகைத் தளர்த்தினேன்.
ஒரு சொட்டு. அவ்வளவுதான்.
வேண்டா வெறுப்பாய்.

கேரட் லாரி ஒன்று வளைவில் வேகம் குறைத்தது.
"இந்நேரத்துல லைட் எரியுதே, யாருக்காச்சும் முடியலையா?"
வண்டிக்குத்தான் என்றேன்.
இறங்கியவர் போஜராஜ்.
கேரட் கழுவும் மெஷின்களுக்கு பம்ப் மாட்டுகிறவர்.
ரப்பர் பூட்ஸை வெளியில் விட்டு,
என் ஸ்பூனை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனார்.
டொக். டொக். டொக்.
கட்டிலடி வளைவில்
ணங்.

"அக்கா, மட்டம் பாத்தா நிறுத்துனீங்க?"

பெருமையாகவே சொன்னேன்.
இரண்டு மணி நேரம். ரசமட்டம் வைத்து,
டயருக்கடியில் பலகை கொடுத்து,
குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவில் அசையாமல் நிற்கும்வரை.

"அதான். அது நிக்கிற மாதிரியே இதுவும் நிக்குது."

மூலைக் கால்களைத் தூக்கினோம்.
அவர் முன்சக்கரக் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற
மூக்கு தாழ்ந்து பின்புறம் எழுந்தது.
டம்ளர் ஒன்று உருண்டுபோய் வாசலில் விழுந்தது.
பம்பை நிறுத்தித் திருகைத் திறந்தேன்.
நெடுநேரம் சீறியது,
கோபித்துக்கொண்ட ஒருவர் கடைசியில் பேசத் தொடங்கியது போல.
காறித் துப்பியது. பிறகு ரோஸ் நிறம்,
நூல் போல, நிற்காமல்.
மூடினேன்.
பத்து நிமிடத்தில் குளியலறை ரேடியேட்டர் என் ஈர சாக்ஸை நாற வைத்தது.

காபி வேண்டாம் என்றார். வெளியே காட்டினார்.
நிலா வெளிச்சத்தில் கேரட் இலையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவாவிட்டால்
மத்தியானம் கருகிவிடுமாம்.
"எங்க காடுதான் அக்கா, அந்தக் கீழ்ப்பட்டி."

கொஞ்ச நேரம் சூட்டில் உட்கார்ந்திருந்தேன்.
கீழே டீசல் மோட்டார் இரண்டு முறை இருமி, பிடித்து,
வெறும் வயிற்றோடு ஓடியது.
அந்தச் சத்தம் இப்போது எனக்குத் தெரியும்.

டார்ச்சோடு இறங்கினேன்.
புனலைப் பிடித்துக்கொண்டு அவர்; ஓடையிலிருந்து வாளி வாளியாக நான்.
விரல்கள் யாருடையதோ போலாகிவிட்டன.
குழாய் வாயில் பெரிய பெரிய குமிழிகள் வெடித்தன.
போதும் என்றார்.
நான் கல்லால் குழாயைத் தட்டிப் பார்த்தேன்.
"இன்னும் இருக்கு," என்றேன்.
சிரித்தார். இன்னும் இரண்டு வாளி.

கிழக்கே வெளுக்கும்போது
ஸ்பிரிங்ளர் தலை திரும்பி
முதல் வீச்சை என் முகத்தில் அடித்தது.

அதன்பின் நான் வண்டியை மட்டம் செய்யவில்லை.