முதல் சொட்டு கணக்கில் இல்லை

ரிஃபாவில் ஆகஸ்ட்.
கண்ணாடிச் சுவர் வெளிப்பக்கமாக வியர்த்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே இருபது டிகிரி. பெல்ட்டின் மேல் மெகெர்சா ஓடுகிறான்,
மணிக்குப் பதினாறு கிலோமீட்டர்,
ஓர் அடிகூட முன்னால் போகாமல்.

கோப்பில் அவனுக்கு இரண்டு பெயர்.
பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லிக் கூப்பிட்டால்
இரண்டாம் முறைதான் திரும்புவான்.
நான் கூப்பிடுவதில்லை. கையுறை மாட்டும் சத்தம் கேட்டதும்
தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துவிடுவான்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
பெல்ட் முப்பது நொடி நிற்கும்.
அதற்குள் மடலைத் துடைக்க வேண்டும்,
பிதுக்க வேண்டும்,
முதல் சொட்டை வழித்தெறிந்துவிட்டு
இரண்டாவதைப் பட்டையின் நுனியில் தொட்டுவைக்க வேண்டும்.
ஊசி ஒரு தடவைதான். பிறகெல்லாம் அதே புண்.

ஒன்று புள்ளி ஒன்று.
பதினேழில் ஒன்று புள்ளி இரண்டு.
பதினெட்டிலும் அதேதான்.
ரத்தம் இன்னும் வாய் திறக்கவில்லை.

எதிர்ச் சுவரில் ஆறு முதல் இருபது வரை எண்கள்.
எவ்வளவு கஷ்டமாயிருக்கிறது, விரலால் காட்டு.
அவன் எப்போதும் பதினொன்றைக் காட்டுவான்.
மூச்சு அறுந்து தொங்கும்போதும் பதினொன்று.
பதினெட்டைக் காட்டிய ஒருவனுடைய ஒப்பந்தம்
டிசம்பரில் என்ன ஆனதென்று
இந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கே வளையும் இந்தக் கோடு?
பயிற்சியாளர் இத்ரீஸுக்கு அது ஓர் எண்.
பாடநூலில் அது ஒரு வாசல்.
எனக்கென்னவோ உறை ஊற்றிய பால்தான்.
ராத்திரி மூடும்போது பால், விடிந்து திறந்தால் தயிர்,
நடுவில் எந்த நிமிடம் என்று
திறந்து திறந்து பார்த்தால் தோயாது.
இங்கே அப்படித் திறந்து பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

பத்தொன்பதில்
ஆறு புள்ளி எட்டு.

இத்ரீஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
மெகெர்சா திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தான்.
நான் தட்டைப் பார்த்தேன்.
இந்தச் சுற்றுக்கு எடுத்துவைத்த பஞ்சு
மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

துடைக்கவில்லை.
காதோரம் வழிந்த வியர்வை சொட்டில் கலந்திருக்கிறது.
வியர்வையிலும் உண்டு லாக்டேட், ரத்தத்தைவிடப் பல மடங்கு.
ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று
புதிதாகச் சேர்ந்த ரொவேனாவிடம்
போன வாரம்தான் அளந்துகொண்டிருந்தேன்.

மறுபடி எடுக்க நொடி இல்லை.
பெல்ட் இருபதில் கிளம்பிவிட்டது.

இரண்டு புள்ளி ஆறு.
இருபத்தொன்றில் ஐந்து புள்ளி நான்கு.
அங்கே அவன் விரல் பதினொன்றுவரை போனது,
நின்றது,
நழுவிப் பதினேழில் விழுந்தது.
நிறுத்தினேன்.

"ஒன்று புள்ளி ஏழு என்று போடு" என்றார் இத்ரீஸ்.
"கோடு அழகாக வரும். வேறென்னவாக இருந்திருக்கும்?"
அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
ஆனால் அவன் பால் தயிரானது
அந்தப் பத்தொன்பதையொட்டித்தான் எங்கோ.
அந்த இடத்தில்தான் என் பஞ்சு தூங்கியிருக்கிறது.

மென்பொருள் வெற்றுக் கட்டத்தை ஏற்கவில்லை.
மதிப்பு தேவை, மதிப்பு தேவை என்று
சிவப்பாகச் சிமிட்டியது.
ஒரு சிறு கோடு போட்டேன்.
குறிப்பு: மாதிரி மாசு. தவறு என்னுடையது.
மறுபரிசோதனை வியாழன், காலை ஏழு.

இத்ரீஸ் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்.
ஓங்கி அறைந்திருந்தால் தேவலை.

மெகெர்சா துண்டைக் கழுத்தில் போட்டபடி
தரையில் உட்கார்ந்து காலணியை உருவினான்.
வியாழன் என்றேன். ஏழு விரல் காட்டினேன்.
தலையாட்டினான்.
பிறகு புண்ணில்லாத காதை இரண்டு விரலால் பிடித்து
சந்தையில் பண்டம் காட்டுகிறவன்போல
என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
"ஜதீத்" என்றான்.
புதுசு.