தெரிஞ்ச எடை

கீழமாசி வீதியில் எனக்கு வேலை
தராசு பழுது பார்ப்பது.
வெங்காயக் கடை, வத்தல் கடை, புளி மண்டி,
எல்லாத் தராசும் என் மேஜைக்கு வந்துதான்
வருஷ முத்திரைக்குப் போகும்.

ஓட்டுப் போடப் பதினொன்றே முக்காலுக்குப் போனேன்.
செல்லூர், மாநகராட்சிப் பள்ளி.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த எட்டாம் வாய்ப்பாடு
எட்டேழு ஐம்பத்தாறோடு நின்றிருந்தது.

"நானூற்றுப் பன்னிரண்டு,
வீரணன், தகப்பனார் சோணைமுத்து"
வாசித்த டீச்சர் பக்கத்தைத் திருப்பினார்,
மறுபடி திருப்பினார்.
"நீங்க போட்டுட்டீங்களே."

விரலைக் காட்டினேன்.
கிரீஸ் இருந்தது, மை இல்லை.
மூன்று கட்சி ஏஜெண்டுகளும்
ஒரே ஜன்னலைப் பார்த்தார்கள்.

கையெழுத்தைப் பார்த்தேன்.
வீரணன். மூணுசுழி பிசகாமல்.
அவசரத்தில் நான் ரெண்டு சுழியோடு விட்டுவிடுவேன்.
என்னைவிட ஒழுங்கான வீரணன் ஒருவன்
காலையிலேயே வந்துபோயிருக்கிறான்.

தலைமை அலுவலர் நிலக்கோட்டைக்காரர், நல்ல மனுஷர்.
இதற்கும் விதி இருக்கிறது என்றார்.
காகிதச் சீட்டு கொடுத்தார், முத்திரை கொடுத்தார்.
மறைவில் போய்க் குத்தி, மடித்துக் கொடுத்தேன்.
கவரில் போட்டு ஒட்டினார்.

"இதை எப்ப எண்ணுவீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எண்ண மாட்டோம்.
கோர்ட் கேட்டாத்தான் பிரிப்போம்.
ஆனா நீங்க போட்டது போட்டதுதான்."

கவர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது.
முந்தாநாள் ராத்திரி கரண்ட் போன நேரம்
கதவிடுக்கில் வந்தது.
நாலு ஓட்டு, நாலு தாள்.
திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.
வீட்டுக்குப் போய்க் கேட்டால்
ஒச்சம்மா உளுந்து டப்பாவைத் திறந்து காட்டுகிறாள்:
மூன்று இருக்கிறது.
"ஒங்களோடதை மட்டும் குடுத்துட்டேன்."

அந்தக் கவரை மட்டும்
அவிய்ங்க ஒண்ணு பிசகாம எண்ணியிருக்காய்ங்க.

ஏஜெண்டுப் பையன் சாயங்காலம் கடைக்கே வந்தான்.
"காலைல எல்லார் முன்னாடியும் மிஷின்ல
சுழியம் காட்டித்தாண்ணே ஆரம்பிச்சோம்,
கையெழுத்துப் போட்டிருக்கோம்."

தம்பி,
இந்த மேஜைக்கு வந்த களவுத் தராசு அத்தனையும்
வெறுந்தட்டில் சுழியம் காட்டியதுதான்.
தெரிஞ்ச எடையை வைத்துப் பார்க்கணும்.
இந்தா, நான் தெரிஞ்ச எடை.
யாருக்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியும்.
வை.
என்ன காட்டுதுன்னு பார்ப்போம்.

டீ குடிக்காமலே போய்விட்டான்.

முடிவு வந்தது.
நூற்றில் முப்பத்துநாலு வாங்கியவருக்கு மாலை.
மீதி அறுபத்தாறும் நடந்தே வீட்டுக்குப் போனது.
புளி மண்டிச் செய்யதிடம் கேட்டேன்:
மூணில் ஒரு பங்கு காசு கொடுத்தவன்
முழு மூட்டையையும் தூக்கிப் போனா விடுவியா?
"சட்டம் அப்படித்தாண்ணே."

வீசையும் பலமும்கூடச் சட்டமாய்த்தான் இருந்தது.
கடைக்கொரு சேர் வைத்திருந்த தெரு இது.
கிலோ வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்களாம்.
இன்று காலையும்
லாரி நுழைய வழியில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன்.
பில் புத்தகத் தாளில் எழுதியது, ரெண்டே வரி:
என் கவரைப் பிரியுங்கள்.
தோற்ற ஓட்டுக்கும் ஓர் எடை போடுங்கள்.

வாசல் சோதனையில்
பையிலிருந்த ஒரு கிலோ படிக்கல்லை
வெளியே வைக்கச் சொன்னார்கள்.
உள்ளே டோக்கன் எண்பத்தேழு,
மூன்று மணி நேரம், ஒரு ரசீது.

திரும்பி வந்தபோது போலீஸ்காரர்
கல்லைக் கையில் வைத்துத்
தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"சரியா ஒரு கிலோ இருக்குமாண்ணே?"

இருக்கும்.
ஆனாலும் நாளைக்கு
இதையும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன்.