பெட்டிக்கு வெளியே ஒருத்தி

தேவகோட்டை. அரையிறுதி, மூன்றாவது ஆட்டம்.
முதல் இரண்டில் ஜெசிந்தா எறிந்து விழுந்தவை
பதினோரு மூன்று புள்ளிகள்.
வயிரவன் சார் சாக்பீஸால் சிமெண்டில் வரைந்தார்:
நாலு பேர் பெட்டி. வெளியே ஒரு புள்ளி.
"புள்ளி நீதான் மெய்யம்மை.
பந்தைப் பார்க்காதே, அவள் இடுப்பைப் பார்.
கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போகும்.
அவள் குதித்த பிறகு குதி.
கோட்டுக்கு உள்ளே தள்ளு,
இரண்டு போனால் போகட்டும்."

பார்த்தேன்.
காற்சட்டையில் பத்தொன்பது, ஒன்று பாதி உரிந்திருந்தது.
திரை போட நின்ற நெட்டைப் பெண்ணின் முழங்கை
என் விலாவில் மூன்று முறை.
பந்து வரும் வழியில் என் கை,
அவள் ஊன்றப் போகும் இடத்தில் என் கால்.
மூன்றாம் கால்பகுதி முடிய அவள் கணக்கு: இரண்டு.

பிறகு அவள் நடந்து போய்
நடுக்கோட்டருகே நின்றுகொண்டாள்.
நானும் நின்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் நாலுக்கு நாலு.
செருமல், உரசல், வலை அசையும் சத்தம்,
தேவகோட்டைக் கூச்சல்,
மறுபடி வலை.
திரும்பிப் பார்க்க எனக்கு உத்தரவில்லை.
விளக்குப் பூச்சி ஒன்று அவள் கழுத்தில் உட்கார்ந்தது.
அவள் அதைத் தட்டவில்லை.

"காரைக்குடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"
"பத்தே கால்."
"பிடிச்சிரலாம் நீங்க," என்றாள்,
இடுப்பு அசையாமல்.