பதினான்காம் நாள் நள்ளிரவு

முன்பெல்லாம் திரும்பி வரும் புத்தகம்
எல்லாவற்றையும் உளறிவிடும்.
தைஸ்டோ எங்கே நிறுத்தினார் என்பதை
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
டீசல் படிந்த கட்டைவிரல் காட்டிக்கொடுக்கும்.
அதை வைத்துத்தான் அடுத்த புத்தகத்தை எடுப்பேன்,
ரேகை பார்த்துக் குறி சொல்பவள் மாதிரி.

இப்போது பனி தள்ளும் வண்டியை
சாலையோரம் நிறுத்திவிட்டு
ஃபோனில் படிக்கிறார்.
பதினான்காம் நாள் நள்ளிரவில்
புத்தகம் தானாகவே கிளம்பிப் போய்விடுகிறது.
முடித்தாரா, மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விட்டாரா,
எனக்கு வருவது ஒரே சொல்:
திரும்பியது.

கெமியார்வியில் நவம்பர்.
இரண்டரை மணிக்கே விளக்கு போட்டாயிற்று.
நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்கிறார்கள்.
கலங்கரை விளக்கக் காவலரின்
இரண்டு மனைவிகள் பற்றி ஒரு நாவல் இருக்கிறது.
மின்பிரதி ஒன்று. வரிசையில் நாற்பத்து மூன்று பேர்.
சொல்லிச் சொல்லி நானே வளர்த்த வரிசை.
அதன் உரிமம் மார்ச்சில் முடிகிறது.
ஆகவே நாக்கை மடக்கிக்கொண்டு
காத்திருக்க வேண்டாத ஒன்றைச் சொல்கிறேன்,
கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு
பாத்திரத்தை வழித்துப் போடுவது போல.

தைஸ்டோவுக்கு அப்படித்தான்
தேனீ வளர்ப்பைப் பற்றி ஒன்று சொன்னேன்.
மறுநாள் இன்ஜினை அணைக்காமலே உள்ளே வந்தார்.
"இது யார் படிக்கிறதுக்கு?"
காலியாக இருந்தது என்றேன்.
"அப்படியானால் காலியாக இருக்கிறது என்று சொல்.
நல்லது என்று சொல்லாதே."
அவர் பூட்ஸ் விட்டுப்போன பனி
வெகுநேரம் கம்பளத்தில் கிடந்தது.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு செவ்வாய் இரவு அரட்டைப் பெட்டியில்
பெயரில்லாமல் ஓர் எண், 4471.
குடியை விடுறதப் பத்தி ஏதாவது இருக்கா
மெதுவாப் படிக்கிறவங்களுக்கு,,

இரண்டு காற்புள்ளி.
ஊரில் ஒருத்திதான் அப்படி எழுதுவாள்,
ஹார்டுவேர் கடைக் கண்ணாடியில்
சாப்பிடப் போயிருக்கிறேன்,, என்று ஒட்டும் வுவொக்கோ.
இருபது வருடமாக என்னிடம்
சமையல் புத்தகம் மட்டுமே கேட்டவள்.
இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு
என் மேசைவரை நடந்து வந்திருக்க மாட்டாள்.
அங்கே அவளுக்குப் பின்னால்
எப்போதும் யாராவது நிற்பார்கள்.

மூன்று புத்தகம் எழுதி அனுப்பினேன்.
நல்லவை என்று எழுதவில்லை.
இப்போதே காலியாக இருக்கின்றன,
முதலாவதை ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்,
முன்னுரை கொஞ்சம் மிரட்டும்.
சரி,, என்று வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன், பூட்டுக்கு எண்ணெய் வாங்க.
பனியைப் பற்றிப் பேசினோம்.
சில்லறையை எண்ணி வைத்தாள்.
எனக்கு ஒன்றும் தெரியாது.

பதினான்காம் நாள் இரவு
வேறு வேலை இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டு
திரையின் முன் உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு ஒன்று.
அந்தப் புத்தகத்துக்கு எதிரே
இதுவரை நான் கவனித்துப் படித்திராத சொல்:
நீட்டிக்கப்பட்டது.