இடஞ்சுழி

இரவு பதினொன்று.
சூரியன் மலைமேல் உட்கார்ந்துகொண்டு
போகலாமா வேண்டாமா என்கிறது.
ஜூலை மாதத்து ஸ்காகஃப்யோர்துரில்
அதற்கு அவசரமில்லை. எனக்குத்தான்.
வெட்டிப்போட்ட புல் மூன்று வயல்களில் கிடக்கிறது,
நாளை மாலை மழை என்கிறது வானொலி,
நான் பழைய ஃபோர்டின் வயிற்றுக்குக் கீழே
அட்டைப்பெட்டியை விரித்து மல்லாந்திருக்கிறேன்.

எஞ்சின் விலாவில் ஆயில் ஃபில்டர்.
காபித் தகரம் அளவுதான்.
முதலில் வெறுங்கை. பிறகு துணி சுற்றிய கை.
பிறகு உப்புத்தாள் சுற்றிய கை.
உடும்பு பார்த்ததில்லை இந்தத் தீவு,
பிடி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

பெல்ட் ஸ்பானர் வழுக்கியது.
சங்கிலி ஸ்பானர் வழுக்கவில்லை,
தகரத்தை இடுப்பில் நெரித்து
மணற்கடிகாரம் ஆக்கியது,
திருப்பவில்லை.

கீழே படுத்திருப்பவளுக்கு இடது எது?
எழுந்து நின்று காற்றில் கையைச் சுழற்றிப் பார்த்தேன்,
மறுபடி படுத்தேன். இடஞ்சுழிதான்.
நான் சரி. அதுதான் தப்பு.

தப்பு என்றதும் ஓர் ஆள் வேண்டும்.
ஸ்னைபியோர்ன் கிடைத்தான்.
சென்ற கோடையில் இங்கே கூலிக்கு இருந்தவன்,
இப்போது தால்விக்கில் மீன்படகில்.
ஜாம் புட்டியை அவன் மூடினால்
அன்று நாங்கள் வெறும் ரொட்டி தின்போம்.
அழைத்தேன். எடுக்கவில்லை.
பீப் ஒலிக்குப் பிறகு பேசச் சொன்னது, பேசினேன்:
"கையால் இறுக்கி முக்கால் சுற்று, அவ்வளவுதான் என்று
பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறான்.
உனக்குப் படமும் புரியாதா?
நீ இறுக்கினது ஃபில்டரையா, என் கழுத்தையா?"
இன்னும் கொஞ்சம் சொன்னேன்.
தொழுவத்தில்கூடச் சொல்லாதவை.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.
பெரிய திருப்புளியை வைத்துச் சுத்தியால் அடித்தேன்.
இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.
கைப்பிடி கிடைத்த சந்தோஷத்தில் இழுத்தேன்.
தகரம் காகிதம்போல் கிழிந்தது,
கறுப்பு எண்ணெய் முழங்கையில் இறங்கி
ஸ்வெட்டருக்குள் புகுந்து அக்குளில் தேங்கியது,
வெதுவெதுப்பாக, கொஞ்சம் அன்பாகக்கூட.

டப்பா போய்விட்டது. அடித்தட்டு மட்டும்
எஞ்சினைக் கவ்விக்கொண்டிருக்கிறது,
உடல் பிய்ந்தபின்னும் வாய் விடாத
ஆட்டு உண்ணிபோல்.

உளி. விளிம்பில் ஒரு கீறல்,
கீறலில் சாய்வாக முனை.
டக். டக்.
அடியில் கோபம் இருந்தால் உளி வழுக்கி
எஞ்சின் மேல் கோடு போடுகிறது.
கோபம் தீர்ந்து, தோள் வலித்து,
வெறும் களைப்பில் அடித்தபோது
ஒரு மயிரிழை.
பிறகு ஒரு விரற்கடை.
பிறகு கையோடு வந்தது, லேசாக,
எதுவுமே நடக்காததுபோல்.

கிழிந்த தகரத்தை வாளியில் போடுமுன்
துணியால் துடைத்தேன், ஏனென்று தெரியாது.
மார்க்கர் எழுத்து. அக்டோபர் ஒன்பது.
ஸ்னைபியோர்ன் செப்டம்பரிலேயே போய்விட்டான்,
மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய மறுநாள்.
ஒன்பதுக்கு வால் சுழிப்பது என் பழக்கம்.

அக்டோபர் ஒன்பது, பால் நிறுவனத்தின் கடிதம் வந்த நாள்.
இனி இந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டி வராது.
அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இதே இடத்தில் படுத்தேன்.
கையால் இறுக்கினேன். முக்கால் சுற்று.
பிறகு ஸ்பானரைத் தேடி எடுத்தேன்,
ஏதோ ஒன்றாவது
கழன்று போகாமல் இருக்கட்டும் என்று.

புதியதின் ரப்பரில் விரலால் எண்ணெய் தடவினேன்.
தொட்டதும் முக்கால் சுற்று. கையால். போதும்.
தேதி எழுதினேன்.
ஸ்பானர் பக்கம் கை நகர்ந்தது.
எங்கே போகிறதென்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது.
திரையில் ஸ்னைபியோர்ன்.
கையெல்லாம் எண்ணெய் என்று
ஆறு முறை அடிக்கவிட்டேன்.
துணியில் துடைத்தால் போகிற எண்ணெய்தான்.